மூன்றாம் வரியின் ஆல்ட்டோ

அம்மா பள்ளியிலிருந்து ஓய்வுபெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது, மார்க்கெட்டுக்குத் திரும்பும் முனையில் அப்படியே நின்றுவிட்டாள். பெங்களூர் காக்ஸ் டவுனில் அவள் பிறந்ததிலிருந்து நடக்கும் தெரு அது. வழக்கம்போல நாலடி முன்னால் போய்விட்டிருந்த நான் திரும்பிப் பார்த்தேன். கையில் பாட்டுப் புத்தகம், தோளில் பை.

"எந்தப் பக்கம்டி?" என்று கேட்டாள்.

வேடிக்கை செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு எங்களுக்கு நடுவே போயிற்று. அது போன பிறகு, "ஆங், வா வா, வெயில்" என்று சரியான பக்கமே திரும்பி நடந்தாள். வீடு வரும்வரை பாதிரியாரின் பிரசங்கம் நீளம் என்று குறை சொல்லிக்கொண்டு வந்தாள். நடந்ததைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் பெரியம்மா. அம்மாவின் அக்கா தன் கடைசி மூன்று வருடங்களில் யாரையும் அடையாளம் தெரியாமல் இருந்தார். பள்ளி விட்டதும் அம்மா பஸ் பிடித்துப் போய் அவருக்குத் தலை வாரி, சாப்பாடு ஊட்டிவிட்டு வருவாள். "என்னை மிஸ்ஸுன்னு கூப்பிடறா. பரவால்ல, நான் மிஸ்ஸுதானே" என்று ஒரு நாள் சொன்னாள். எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் மறதி என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் போனால் வழி மாறிவிடும்.

எனக்கு ஒரு குணம் உண்டு. பிரச்சினை என்று ஒன்றைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் பார்க்கும் வேலையும் அதுதான். எதையாவது அளந்து, வண்ணம் போட்டு, எங்கே இறங்குகிறது எங்கே ஏறுகிறது என்று காட்டுவது. அந்த வாரம் முழுக்கக் கம்பெனி கேப்பில், மேம்பாலத்தில் போகும்போதும் வரும்போதும், வயதான மூளையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எல்லாரும் ஒன்றையே வேறு வேறு வார்த்தையில் சொன்னார்கள். மூளை கிழடானாலும் புதுப் பாதை போடும். ஆனால் கஷ்டமான புது விஷயமாக இருக்க வேண்டும். தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்தால் பலன் குறைவு. படிக்கப் படிக்க எனக்கு உற்சாகம் பொங்கிற்று. அம்மாவைக் காப்பாற்றிவிடலாம், அதுவும் ஒரு சிலபஸ் போட்டு!

முதலில் ஸ்பானிஷ். "ஸ்பானிஷ் கத்துக்கிட்டு நான் யார்கிட்ட பேசறது? பூக்காரம்மாகிட்டயா?" என்று மூன்றாம் நாள் நிறுத்தினாள். கட்டங்களில் எண் நிரப்பும் புதிர் கொடுத்தேன். முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு அது சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவது மாதிரி. கீபோர்டு வாங்கினேன். அப்பா அதன்மேல் நியூஸ் பேப்பர் அடுக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் சர்ச் கொயரில் ஒரு இடம் காலியானது.

எங்கள் கொயரில் நான்கு குரல். பாட்டின் மெட்டை அப்படியே பாடுகிறவர்கள் சோப்ரானோ. ஆண்களில் டெனர், பேஸ். இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஆல்ட்டோ என்று ஒரு பெண்கள் வரிசை. மெட்டு ஒருபோதும் அவர்கள் கைக்கு வராது. கீழே நின்று முட்டுக் கொடுப்பதுதான் வேலை. அம்மா பத்தொன்பது வயதிலிருந்து சோப்ரானோ, அதுவும் வரிசையின் கடைசி ஆள். அவளுக்கு வலப்பக்கம் முப்பது வருடமாக நின்ற ஆன்ட்டி ஆல்ட்டோவின் முதல் ஆள். அந்த ஆன்ட்டி மகனோடு மைசூருக்குப் போய்விட்டார். யாராவது ஒருவர் ஆல்ட்டோவுக்கு மாறி வர முடியுமா என்று கொயர் மாஸ்டர் கேட்டபோது, அம்மா வாய் திறக்கும் முன் நான் கையைத் தூக்கினேன். "மம்மி வருவாங்க அங்கிள்."

இதைவிடக் கஷ்டமான புது விஷயம் உண்டா? நாற்பது வருடமாக ஊறிப்போன மெட்டு காதுக்குள் ஒலிக்க, வாய் வேறொன்றைப் பாட வேண்டும். எனக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை.

சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "உங்க மம்மிக்கு வீட்லயும் மெயின் ட்யூன்தான் பழக்கம். ஆல்ட்டோ எப்படிப் பாடறதுன்னு என்கிட்ட கேக்கச் சொல்லு."

"ஏங்க, நீங்க பாடறது ஆல்ட்டோ இல்ல. வெறும் ஆமென்" என்றாள் அம்மா.

விளைச்சலைச் சர்ச்சுக்குக் கொண்டுவந்து படைக்கும் அறுப்புப் பண்டிகைக்கு இரண்டு மாதம் இருந்தது. அன்றைக்கு வருடத்துக்கு ஒருமுறை மட்டும் பாடும் ஒரு நன்றிப் பாட்டு உண்டு. "அதை வீட்டுல பழகிட்டு வாங்க டீச்சர். பண்டிகைக்கு ஆல்ட்டோல நின்னுடலாம்" என்றார் மாஸ்டர். நான் மறுநாள் காலையே, கேப் டோல்கேட்டைத் தாண்டும் முன்பே, பாட்டின் முதல் வரியை வைத்துத் தேடி, நான்கு குரலையும் தனித்தனியாகக் கொடுக்கும் ஒரு தளத்தைக் கண்டுபிடித்தேன். ஆல்ட்டோவை அழுத்தினேன். இறக்கினேன். அம்மாவின் போனுக்கு அனுப்பினேன். மொத்தம் மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

தினம் மாலை ஏழு மணி. முதல் இரண்டு வரி அம்மாவுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. மூன்றாம் வரிதான் வினை.

"மம்மி, அங்கே மேல ஏறணும். நீ கீழ போறே."

"போகலியே."

"போனே. இரு, போட்டுக் காட்டறேன்."

நான் அவள் பாடுவதை என் போனில் பதிவு செய்துகொண்டிருந்தேன். போட்டுக் காட்டினால், கீழேதான் போகிறது. "சரி, இன்னொரு தரம்" என்பாள். மறுபடியும் கீழே. பத்துத் தரம் பாடினால் எட்டுத் தரம். என்ன கொடுமை என்றால், அவள் தடுமாறிக்கூட விழவில்லை. தெரிந்த படியில் இறங்குகிற மாதிரி நிதானமாக இறங்குவாள். தவறு செய்கிறோம் என்ற உணர்வே இல்லாமல். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பெரியம்மாவும் இப்படித்தான், தவறான பெயரை அவ்வளவு நிச்சயமாகச் சொல்வார்.

பயம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "கவனிக்கவே மாட்டேங்கறே", "டிவியைப் பாத்துக்கிட்டே பாடறே" என்றெல்லாம் கத்தினேன். ஒரு அட்டவணை போட்டேன். தேதி, எத்தனை முயற்சி, எந்த வரியில் பிழை. பிழைக்குச் சிவப்புக் கட்டம். நான்காவது வாரத்தில் சிவப்பு குறைய ஆரம்பித்தது. அம்மா மேலே ஏறக் கற்றுக்கொண்டாள். நான் ஆபீசில் உட்கார்ந்து அதை வரைபடமாகப் போட்டு, கோடு இறங்குவதைப் பார்த்துக் கண் கலங்கினேன், நிஜமாகவே. ஐந்தாவது வாரமும் நன்றாகப் போனது. ஆறாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, காரணமே இல்லாமல், பத்துக்குப் பத்தும் சிவப்பு.

அன்று நான் அவளிடம் சொன்னதை இங்கே எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் விட்டால் மற்றது எதற்கும் பொருள் இருக்காது. "ஆறு வாரம் மம்மி! ஒரே ஒரு வரி. சண்டே ஸ்கூல் பிள்ளைக்குக்கூட வந்திருக்கும்" என்றேன்.

அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அம்மா எழுந்து போய்த் தோசைமாவைக் கரைத்தாள்.

மறுநாளே ஒரு நரம்பியல் டாக்டரிடம் நேரம் வாங்கினேன், பண்டிகை முடிந்த வியாழக்கிழமைக்கு. அவரிடம் காட்ட அட்டவணையை ஆபீசில் பிரிண்ட் எடுத்து, ஒரு கோப்பில் வைத்து, புத்திசாலி, சாப்பாட்டு மேசையிலேயே போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வெளியே வந்தபோது அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சைத் தாள் திருத்தும்போது உட்கார்வாளே, அதே மாதிரி நேராக.

"எனக்கே ரெட் இங்க்கா?" என்றாள்.

"அது சும்மா, டாக்டருக்கு..."

"கணக்கா இருக்கு. நல்லாப் போட்டிருக்கே." ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். கடைசித் தாளில், அந்தச் செவ்வாய்க்கிழமையின் பத்துச் சிவப்புக் கட்டங்கள்மேல் விரலை வைத்தாள். "அக்காவுக்கும் இப்படித்தான்டி ஆரம்பிச்சுது. வந்தது போயிரும். நல்லாப் பண்ணிட்டு இருப்பா, திடீர்னு ஒரு நாள் இருக்காது."

"அப்படியெல்லாம் இல்ல மம்மி."

"நீதானே எழுதியிருக்கே? மாஸ்டர்கிட்ட சொல்லிடு, நான் வரல."

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் மோசம். அம்மா என் அட்டவணையை நம்பிவிட்டாள். பாடுவதை நிறுத்தியதோடு விடவில்லை. அடுப்புக்கு மேலே 'கேஸ்?' என்று ஒரு சீட்டு ஒட்டினாள். மார்க்கெட்டுக்குத் தனியாகப் போவதை விட்டாள். "ஏங்க, சும்னே கூட வாங்களேன்" என்று, ஏதோ சும்மா பேச்சுத்துணைக்குக் கூப்பிடுகிற மாதிரி அப்பாவை அழைத்தாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை ஒரு பார்வையில் உட்கார வைத்தவள், உப்புப் போட்டேனா என்று என்னைக் கேட்டாள். ஒரே நாளில் மூன்று முறை கேட்டாள். மறதியால் கேட்டாளா, மறதி வந்துவிட்டது என்ற பயத்தால் கேட்டாளா, எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் என் அட்டவணையில் ஒரே நிறம்தான் இருந்தது.

சனிக்கிழமை மாலை, பண்டிகைக்கான முதல் பயிற்சி. அம்மா வரமாட்டாள் என்று சொல்ல நான் போனேன். மாஸ்டர் இன்னும் யாரும் வராத சர்ச்சில் ஆர்கன்முன் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். என்னால் விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு வர முடியுமா? ஆறு வார எரிச்சலையும் அவர்முன் கொட்டினேன். போனை எடுத்து ஆல்ட்டோவைப் போட்டேன். "கேளுங்க அங்கிள், இவ்ளோ ஈஸியான லைன். இதுல போய்..."

அவர் வடையை வைத்துவிட்டு இரண்டு வரி கேட்டார். மூன்றாம் வரி வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இது நம்ம ட்யூன் இல்லியே பாப்பா."

"பாட்டு இதுதானே அங்கிள்? முதல் வரி போட்டுத்தான் தேடினேன்."

"பாட்டு அதான். ட்யூன் வேற." கையைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். ஞானப்பாட்டில் வார்த்தை ஒன்று, மெட்டு ஒன்று. வரிக்கு இத்தனை அசை என்று அளவு பொருந்தினால் எந்த வார்த்தையையும் எந்த மெட்டிலும் பாடலாம். ஒவ்வொரு சர்ச்சுக்கும் ஒரு வழக்கம். இந்தப் பாட்டுக்கே புழக்கத்தில் இரண்டு மெட்டு. எங்கள் சர்ச்சில் எப்போதும் இன்னொன்றுதான். "கொயர்ல சேர்ற சின்னப் பிள்ளைகூட மொதல்ல கேக்கறது அதானே பாப்பா? எந்த ட்யூன்?"

நான் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதில் கொயரை விட்டவள் நான். நாலு பண்டிகையாக ஆபீஸ், காலேஜ் என்று தப்பித்தவள். அந்தத் தளத்தில் நான்கு குரலும் சேர்ந்து ஒலிக்கும் பொத்தானும் இருந்தது. ஒரே ஒருமுறை அதை அழுத்தியிருந்தால் எனக்கேகூடச் சந்தேகம் வந்திருக்கும். அவ்வளவு பொறுமை எங்கே?

மாஸ்டர் எங்கள் மெட்டின் ஆல்ட்டோவை ஆர்கனில் வாசித்தார். முதல் இரண்டு வரி கிட்டத்தட்ட அதேதான். ஆல்ட்டோ பெரும்பாலும் ஓரிடத்திலேயே நிற்கிற குரல் ஆயிற்றே. மூன்றாம் வரி கீழே இறங்கியது. நிதானமாக, தெரிந்த படியில் இறங்குகிற மாதிரி.

அம்மா பாடிய பதிவைப் போட்டேன், அந்தச் செவ்வாய்க்கிழமையுடையதை. அவர் கண்ணை மூடிக் கேட்டார். "தப்பே இல்லியே. நம்ம ஆல்ட்டோ. மைசூருக்குப் போனாங்களே, அந்த சிஸ்டர் பாடறதை டீச்சர் பக்கத்துல நின்னு கேட்டே புடிச்சிருக்காங்க. யாரும் சொல்லித் தரல." பத்துச் சிவப்புக் கட்டமும் சரி. நான் கண் கலங்கிப் பார்த்த அந்த முன்னேற்றம்தான் பிழை.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள், அப்பா பக்கத்தில். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அவள் சிரிப்பாள், ஒருவேளை அழுவாள், என்னைக் கட்டிக்கொள்வாள் என்று வழி முழுக்கக் கற்பனை.

"அப்ப ஆறு வாரமா எனக்குத் தப்பைச் சொல்லிக் குடுத்துட்டு, நான் சரியாப் பாடினதுக்கு ரெட் போட்டிருக்கே."

"ஆமா மம்மி."

"டீச்சர், இதுக்கெல்லாம் இம்போசிஷன் நூறு தரம்" என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை.

"மம்மி, உனக்கு ஒண்ணும் ஆகல, புரியுதா? உன் ஞாபகம்தான் கரெக்ட். என் ஃபைல்தான்..."

"நாப்பது வருஷமா நான் பாடற பாட்டுடி." கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்கு ஏன் தெரியல?"

"ஆல்ட்டோ மட்டும் தனியாக் கேட்டா யாருக்கும் தெரியாது. மாஸ்டரே மூணாவது வரி வந்தப்புறம்தான் கண்டுபிடிச்சாரு."

"அவரு மூணு வரில கண்டுபிடிச்சாரு. நான் ஆறு வாரம் பாடினேன்."

நீ என்னை நம்பினாய், அதனால் உன் காதை நம்பவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "இருக்கலாம்" என்றாள். பீன்ஸ் நறுக்குவதைத் தொடர்ந்தாள். தட்டை ஒதுக்கிவிட்டு, "பிராக்டிஸ் இன்னிக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

போனாள். அங்கே வேறு தலைவலி காத்திருந்தது. மூன்றாம் வரியில் அம்மா இப்போது மேலே ஏறினாள். ஆறு வாரம் விடாப்பிடியாகச் சொல்லிக் கொடுத்தேனே, அது பதிந்துவிட்டது. அறுபது வயது மூளை புதுப் பாதை போடும் என்று நான் படித்தது அத்தனையும் உண்மை. நன்றாகத்தான் போட்டிருந்தது, தவறான தெருவில். அழிக்கத்தான் முடியவில்லை. "டீச்சர், கீழ, கீழ" என்று மாஸ்டர் கையைத் தாழ்த்திக் காட்டுவார். அம்மா தலையாட்டுவாள், ஏறுவாள். பின்வரிசையில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன். எழுந்து நின்று தவறு என்னுடையது என்று கத்தலாம் போலிருந்தது. கத்தவில்லை. பண்டிகை வரைக்கும் ஒவ்வொரு பயிற்சியிலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தேன்.

பண்டிகை ஞாயிறு. தூண்களில் வாழை, பீடத்தின் முன் பூசணி, கரும்பு, யாரோ கொண்டுவந்த உயிருள்ள கோழி. அம்மா ஆல்ட்டோ வரிசையின் முதல் ஆளாக, ஆன்ட்டியின் இடத்தில் நின்றாள். பாட்டுக்கு நாலு சரணம். முதல் சரணத்தின் மூன்றாம் வரியில் ஏறிவிட்டாள். எனக்குக் கேட்டது. மாஸ்டரின் தோள் ஒருமுறை குலுங்கியது. இரண்டாவது சரணத்தில் அந்த வரிக்கு வாயை மூடிக்கொண்டாள். மூன்றாவதில் இறங்கினாள், சுத்தமாக. நாலாவது சரணத்துக்குச் சபை முழுக்க எழுந்து சேர்ந்து பாடியதில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

வெளியே காணிக்கைப் பொருட்களின் ஏலம் ஆரம்பித்திருந்தது. ஓடிப்போய், "மம்மி, கடைசி சரணம்?" என்றேன்.

"அதையும் எழுதிக்கணுமா?" என்று சொல்லிவிட்டுப் பூசணிக்காயை ஏலம் கேட்கப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை டாக்டரிடம் போனோம். போகத் தேவையில்லை என்று நான் சொன்னேன். போகத்தான் வேண்டும் என்றாள் அம்மா. கோப்பைக் கொண்டுவரக் கூடாது என்பதுதான் நிபந்தனை. "என் தப்பை நானே சொல்றேன்." சொன்னாள். மார்க்கெட் முனையில் நின்றதை, இத்தனை மாதமாக எங்கள் வீட்டில் பேசாததை, அந்நியர் ஒருவரிடம் கன்னடத்தில் சாதாரணமாகச் சொன்னாள். நான் நினைத்திருந்ததைவிட அதிக நேரம் அவளுக்கு அந்த இடம் தெரியாமல் இருந்திருக்கிறது. வீட்டை அடையும்வரை. என் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தாளாம்.

டாக்டர் வார்த்தைகளை ஞாபகம் வைக்கச் சொன்னார், கடிகாரம் வரையச் சொன்னார். புதிதாக ஏதாவது கற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். "ஆல்ட்டோ. எரடு ட்யூன்" என்றாள். இரண்டு மெட்டு. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இப்போதைக்குக் கவலைப்பட எதுவும் இல்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆம் என்றும் சொல்லவில்லை. என்னால் இதைத் தாங்கவே முடியவில்லை. ஆறு மாதம் என்ன செய்வது? எதை அளப்பது?

அட்டவணையை அழித்துவிட்டேன். ஆனால் அளந்து பழகிய கண்ணை அழிக்க முடியவில்லை. இன்று காலை கேப் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு, அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் வரியை முனகிக்கொண்டே, கீழே ஒருமுறை, மேலே ஒருமுறை, வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன். நான் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி உள்ளே போனேன். சீட்டு இன்னும் அடுப்புக்கு மேலே இருந்தது. குனிந்து கேஸ் குமிழைத் தொட்டுப் பார்த்தேன்.

மூடியிருந்தது.

நிமிர்ந்தபோது அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள், கையில் பிழிந்த துண்டோடு.

"எத்தனை மார்க்?" என்றாள்.

வெளியே கேப் ஹாரன் அடித்தது. நான் தண்ணீர் குடிக்காமலேயே கிளம்பினேன்.